விளிம்பு

உரைகல்லில் ஒரு இழுப்பு. சிவந்த கோடு.
"வெள்ளி இல்லம்மா, வெண்கலம்.
எந்தக் கடைக்குப் போனாலும் இதையேதான் சொல்லுவாங்க"
என்றார் பழையபேட்டைப் பத்தர்.
அடகு வைக்க வரவில்லை என்றேன்.
நம்பவில்லை.

எங்களுக்குச் சுபேதார் வீடு என்று பேர்.
தபால்காரர் கதவு எண் பார்ப்பதில்லை.
அண்ணன் சம்பங்கி, மகள் கல்யாணப் பத்திரிகையில்
'சுபேதார் திம்மராயன் வழிவந்த' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறான்,
மாப்பிள்ளை பேரைவிடப் பெரிய எழுத்தில்.
பர்மாவில் ஏழு பேரை வெட்டினாராம்.
அப்பா சொன்னால் ஐந்து.
ராயக்கோட்டை அத்தை சொன்னால் பதினொன்று,
அதில் ஒருவன் இளவரசன்.

ராணி இடப்பக்கம் பார்க்கிறாள்.
மூக்கு மழுங்கிவிட்டது,
ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை
புளி போட்டுத் துலக்கியது நாங்கள்தான்.
பின்பக்கம் சிறகு முளைத்த ஒருத்தி
உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு மாலை சூட்டுகிறாள்.
அவன் மேல் துணி இல்லாததால்
சாமி அலமாரியில் எப்போதும் ராணிதான் வெளியே தெரிவாள்.
மேலே ஒரு பட்டை: பர்மா, 1885-7.
தொங்குகிற ரிப்பன்
என் ஏழாம் வகுப்புச் சடை ரிப்பன்.

விளிம்பைத்தான் யாரும் பார்த்ததில்லை.

எனக்கு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை,
தரம் பார்க்கும் பிரிவு.
மூடியில் குத்திய தேதி மங்கலாக இருந்தால்
டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கணும்.
நேரே அடித்தால் எழுத்து ஒளிந்துகொள்ளும்.
அப்படியே பிடித்தேன், படுக்கையறையில், விளக்கணைத்து.

டிம்ராயன்.
திம்மராயனில் இவ்வளவுதான் கேட்டிருக்கிறது
வெள்ளைக்காரன் காதுக்கு.
பேருக்குப் பின்னால் ஏதோ டிபார்ட்மென்ட்.
பேருக்கு முன்னால், பதவி இருக்கவேண்டிய இடத்தில்,
அரம்.

தேய்மானம் எனக்குத் தெரியும்.
அது எல்லா இடத்துக்கும் பங்கு வைத்து வரும்.
இவை குறுக்குக் கோடுகள், ஒரே திசை.
பேரைத் தொடாமல்
தொழிலை மட்டும் தின்றிருக்கிறது.
வெளிச்சம் போனதோ, யாராவது வந்தார்களோ,
கடைசியில் அரைகுறையாக ஒரு 'பேரர்' தப்பியிருந்தது.

மிலிட்டரி கேண்டீன் வரிசையில் நின்ற
மாஜி நாயக் மரியசூசையிடம் போனில் படம் காட்டினேன்.
"சுட்டவனுக்கு வெள்ளி, கூடப் போனவனுக்கு வெண்கலம்.
தண்ணி சுமந்தவன், சோறாக்கினவன், கோவேறு கழுதை மேய்ச்சவன்.
பேரர்னா டோலி. அடிபட்டவனைத் தூக்கறது."
அவர் டோக்கனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

டோலி.
ரோடு இல்லாத மலையூரிலிருந்து
பிள்ளைத்தாச்சியைக் கட்டித் தூக்கிவந்த படம்
போன மாசப் பேப்பரில் இருந்தது.
அதைப் பார்த்துச் சம்பங்கி 'ச்சு' கொட்டி
விளையாட்டுப் பக்கத்துக்குப் போனான்.

எங்கள் வீட்டில் முதலில் இங்கிலீஷ் படித்தவர்
பெரிய தாத்தா நஞ்சுண்டன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.
பெண் எடுத்தது பெரிய இடத்தில்.
அவர் கணக்கு நோட்டு ஒன்று பரணில் இருக்கிறது,
ஸ்கேல் வைக்காமலே கோடு அவ்வளவு நேராக விழும் அவருக்கு.
எனக்கு ஒன்றும் தெரியாது.
கோட்டைத்தான் சொல்கிறேன்.

ஒரு டோலிக்கு நாலு தோள் வேண்டும்.
மற்ற மூன்று பேர் எந்த ஊரோ,
அவர்கள் வீட்டில் யார் அராவினார்களோ,
அல்லது அப்படியே விட்டார்களோ.
சேற்றில் கால் மாற்றும்போது
உள்ளே கிடந்தவன் கத்தியிருப்பான், அது என்ன பாஷையோ.
இறக்கிவைத்துவிட்டுத் திரும்பவும் நடந்திருப்பார்,
சண்டை நடக்கிற பக்கமாகவே, கையில் ஒன்றுமில்லாமல்.
ஏழு, ஐந்து, பதினொன்று.
தூக்கினவர்களுக்கு மட்டும்
எங்கள் வீட்டில் யாரும் எண்ணிக்கை புளுகவில்லை.

போன் அடிக்கிறது. ரவுண்டானா பக்கத்து ஃப்ளெக்ஸ் கடையில் நிற்கிறானாம்.
"வாளோட நிக்கற மாதிரி ஒரு மீசைக்காரர் படம் இருக்கு,
நல்லாயிருக்கு, போட்டுடவா? ஆமா,
பத்தர் என்ன சொன்னாரு? வெள்ளிதானே?"

கட்டைவிரல் கோடுகளின் மேல் போய்வருகிறது.
நேற்று அராவியதுபோல் உறுத்துகிறது.
"லைன்ல இரு" என்கிறேன்.